மாடு மிதித்த மணலில் ஒரு பந்து

என் கத்தரிப் பாத்தியில் வந்து விழுந்த வெள்ளைப் பந்தை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனபோதுதான் அந்த அக்காவை முதன்முதலாகக் கிட்ட நின்று பார்த்தேன். வீட்டில் போடும் தொளதொளத்த சோட்டிச் சட்டை போட்டிருந்தார். அதற்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. கையில் ஓர் இரும்புத் தடி. கனடாவிலிருந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். வன்னியில், எங்கள் தர்மபுரத்தில் வெளிநாட்டு ஆள் ஒருவர் வந்து இறங்கினால், கொண்டுவந்த பெட்டி எத்தனை என்பது வரைக்கும் அடுத்த நாளே பாடசாலைக்கு வந்து சேர்ந்துவிடும். நான் பந்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, முகம்தான் வாடியது.

"ஐயோ, ஏன் பிள்ளை எடுத்தனீங்கள்? கிடந்த இடத்திலயே விட்டிருக்கலாமே."

"கத்தரிக்குள்ள கிடந்தது அக்கா."

"எதுக்குள்ள கிடந்தாலும் கிடக்கிறபடிதான் அடிக்கவேணும். சரி, எந்த இடம் எண்டு காட்டுங்கோ."

வாசல் படலையால் சுற்றி என் வளவுக்குள் வந்தார். நான் காட்டிய இடத்தில் பந்தை வைத்தார். இரண்டு தரம் காலை மாற்றி நின்றார், ஒரே அடி. பந்து வேலிக்கு மேலால் போனது, அதோடு ஒரு கத்தரிக் கன்றும் போனது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என்ன சொல்லித் திட்டலாம் என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் ஈரச்சாக்கில் சுற்றிய நான்கு கத்தரிக் கன்றுகள் படலையடியில் இருந்தன. யோசித்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று.

நான் அப்போது அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் வளவுக்கு அடுத்த வளவில் வாடகைக்கு இருந்தேன். பாடசாலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்ததும் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து அவரிடம் போய்விடுவது பழக்கமாயிற்று. இப்போது மாற்றலாகி வவுனியாவில் இருக்கிறேன். பின்னேரங்களில் போவதற்கு இங்கே ஓர் இடமில்லை.

அவர் விளையாடியது கோல்ஃப். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கெட்டியவரை பச்சைப் புல் வேண்டும். எங்களுக்கு மாரியில் முளைக்கும் புல்லை மாடு தின்றுவிடும், கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆனால் அக்காவுக்குப் புல் தேவைப்படவில்லை. அந்த விளையாட்டில் வழிநெடுக மணற்குழிகள் இருக்குமாம். பந்து அதற்குள் விழுந்தால் ஆட்டக்காரருக்கு ஏழரைச் சனி. மற்றவர்கள் விழுந்துவிடக்கூடாது என்று பயப்படுகிற அந்தக் குழியை மட்டும்தான் அக்கா தன் வளவில் வெட்டி வைத்திருந்தார். ஆற்று மணல் ஏற்றிவந்து நிரப்பியிருந்தார். கொஞ்சம் தள்ளி நிலத்தைச் செதுக்கி, சாணி போட்டு மெழுகி, நடுவில் வெறும் பால்மாப் பேணி ஒன்றைப் புதைத்திருந்தார். குழியிலிருந்து கிளம்புகிற பந்து மெழுகிய நிலத்தில் விழுந்து உருண்டு பேணிக்குள் போகவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

கனடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் விடியப்புறம் போய் அந்த மணற்குழிகளை வாரிச் சமப்படுத்துவதுதான் அவருடைய வேலையாம். அங்கே அந்தக் குழிக்கு பங்கர் என்று பெயர். இங்கே சண்டைக்காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து ஒளிந்திருந்த குழிக்கும் அதுதான் பெயர், அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்ல யாருக்கும் வாய் வராது. வந்த முதல் கிழமையே அவரும் "மணல் கிடங்கு" என்று மாற்றிக்கொண்டார். அங்கே வேலை முடிந்ததும், ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னால் இரண்டு அடி அடித்துப் பார்க்க விடுவார்கள். ஒரு பழைய தடி வாங்கினார். மணலுக்கென்றே செய்த தடி அது, அலகு அகலம், அடிப்பக்கம் தடிப்பு. வேறு தடி அவர் வாங்கவேயில்லை.

"மற்ற இடத்தில அடிக்கத் தெரியாதோ அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாது. நல்ல இடத்தில நிண்டு அடிக்க எனக்கு எங்க நேரம் கிடைச்சது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருடைய குழி ஒருநாளும் குழியாக இருந்ததில்லை. கோழிகள் வந்து மண் குளிக்கும். எங்கிருந்தோ வந்த பெட்டை நாய் அதற்குள் ஐந்து குட்டி போட்டது. குட்டிகள் கண் திறக்கும் வரை அக்கா மற்றப் பாதியில் நின்று அடித்தார். மழை பெய்து காய்ந்தால் மேல்மணல் அப்பளம்போல் பொருக்குக் கட்டும். எல்லாவற்றுக்கும் மேலால் பக்கத்துக் கொட்டில் மாடுகள். வெயில் தாழ்ந்ததும் குளிர்ந்த மணல் தேடி வந்து படுத்து, எழும்பும்போது குழி முழுக்கக் குளம்பு பதித்துவிட்டுப் போகும்.

இந்த வேலையில் நுணுக்கம் இருந்தது. நல்ல மணலென்றால் பந்தை அடிக்கவே கூடாது. பந்துக்கு இரண்டு விரல் பின்னால் மணலை அடிக்கவேண்டும், மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். பொருக்குக் கட்டிய மணலில் அப்படி அடித்தால் தடி துள்ளிப்போய் பந்தின் வயிற்றில் பட்டுவிடும். என் கத்தரிப் பாத்திக்குப் பந்து வந்தது அப்படித்தான். அதற்கு அலகை நேராக வைத்துச் சின்னதாகக் கொத்தவேண்டும். மாட்டுக் குளம்பின் பள்ளத்துக்குள் பந்து உட்கார்ந்துவிட்டால் அலகைக் கவிழ்த்து, மண்வெட்டி போடுவதுபோல் மேலிருந்து கீழாக ஒரே போடு. பந்து மேலே எழும்பாது, தவண்டு வெளியே வந்து ஓடும். எங்கே நிற்கும் என்பது அதன் விருப்பம்.

"ஏன் அக்கா கஷ்டப்படுறியள்? காலால ஒருக்கா மணலைத் தட்டிவிட்டா சரிதானே?"

"அடிக்க முதல் மணலைத் தொடப்படாது. அது சட்டம். இலை குழை கிடந்தா எடுக்கலாம். அடிச்சாப் பிறகு எவ்வளவும் வாரலாம். அது பின்னுக்கு வாற ஆளுக்கு."

"பின்னுக்கு வாறது மாடுதானே அக்கா?"

"மாடெண்டாலும் வாறதுதானே" என்றார்.

எனக்கு இதில் பெரிய எரிச்சல் ஒன்றிருந்தது. யார் செய்தது என்று அவர் கேட்பதேயில்லை. நான் வகுப்புக்குள் கால் வைத்தாலே முதலில் வாயில் வருவது "ஆர் செய்தது?" என்பதுதான். பலகையில் கிறுக்கல் இருந்தாலும் சரி, கதிரை உடைந்திருந்தாலும் சரி, ஆளைப் பிடிக்காமல் எனக்குப் பாடம் ஓடாது. அக்காவோ குழியைப் பார்ப்பார், பந்தைப் பார்ப்பார், காலை ஊன்றுவார், அடிப்பார். அவ்வளவுதான்.

ஒருமுறை குழியில் பாதி மணலைக் காணவில்லை. அள்ளியவர்கள் தாச்சியும் வாளியும் வைத்து அள்ளிய அடையாளம் விளிம்பில் அப்படியே இருந்தது. அதே ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, அந்தக் கிழமை ஒரு கலியாணம். போனால், பந்தல் வாசலில் புத்தம்புது ஆற்று மணல் பரவியிருக்கிறது. நான் அக்காவின் கையை இடித்தேன். அவர் தன்னுடைய மணலின் மேல் நின்று, சந்தனம் பூசி, கற்கண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பந்தல் வடிவாயிருக்கு" என்று பெண்ணின் தாயிடம் சொன்னார். அந்த மனுசிக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். அக்கா பாயசம் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். நான்தான் வயிறெரிந்து பாதிச் சாப்பாட்டில் எழும்பினேன்.

இது கோழி, மாடு, கலியாண மணலோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்த வளவு அக்காவின் சீதன வளவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தகப்பன், காடு வெட்டித் திருத்திய காணியை எங்கள் ஆட்களின் வழக்கப்படி மகளுக்கு எழுதிவைத்தார். மகள் கனடா போய்விட்டார். காணியில் இருந்தது அவருடைய தம்பியின் குடும்பம். தம்பி கடைசிச் சண்டையில் செத்துப்போனார். பிள்ளைகளில்லை. தம்பியின் மனைவி முகாமிலிருந்து திரும்பி வந்து, பற்றை வெட்டி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டைக் கட்டி, மாடு வளர்த்துச் சீவித்தார். அக்காவும் அவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்பார்கள், அதனால் எனக்கும் அவர் மச்சாள்தான். பிறகு காணிக்காரி வந்து, படலைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒற்றை அறையில் இருந்தார். வந்து பத்து மாதம். வளவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மச்சாளை எழுப்புவாரா, இருக்க விடுவாரா என்பதுதான் ஒழுங்கை முழுக்கக் கதை. மச்சாள் அந்தக் கதைக்குள்தான் படுத்து எழும்பினார்.

நான் ஒருநாள் நேரே கேட்டேன். "அக்கா, மச்சாளை என்ன செய்யப் போறியள்?"

"என்ன செய்யிறது? கிடக்கிறபடி கிடக்கட்டும்."

"அதை அவாட்டைச் சொன்னனீங்களோ?"

"அதென்ன சொல்றது" என்று பந்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மச்சாள் வாய் குறைந்த பெண். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தபடி ஒருநாள் என்னிடம் சொன்னார். "ரீச்சர், அவா நல்லவா. என்ரை மாடு கிடங்கைக் கிண்டி வைச்சாலும் ஒரு சொல் சொல்லமாட்டா. ஆனா, தன்ரை தம்பி எப்பிடிச் செத்தவர் எண்டு இண்டைவரைக்கும் என்னட்டை ஒருக்காக் கேக்கேல்லை. நான் ஒருத்திதான் பக்கத்தில இருந்தனான். கேளாத ஆளிட்டை நான் எப்பிடிச் சொல்லுறது?" அன்று எனக்கு அக்காவின்மேல் வந்தது எரிச்சலில்லை, ஒருவிதப் பயம். எந்தப் பள்ளத்திலும் நின்று அடிக்கத் தெரிந்த ஆளுக்கு, பக்கத்துப் பள்ளத்தில் நிற்கிற ஆளைத் தெரியாமலும் போகலாம்.

கலியாணத்துக்குப் பிறகு மணல் குறைந்துவிட்டதால் அக்கா புதிதாக இரண்டு டிப்பர் மணல் எடுப்பித்தார். டிப்பர்காரன் அதை மச்சாளின் வீட்டுப் பக்கமாகக் குவித்துவிட்டுப் போனான். நீளமாக இன்னொரு குழி வெட்டுகிற யோசனை. நான்கு மூலைக்கும் கட்டை அடித்து, கயிறு இழுத்துக் கட்டினார். வன்னியில் வெளிநாட்டு ஆளொருவர் வளவில் மணல் குவித்து, கட்டை அடித்து, கயிறும் கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அத்திவாரம் வெட்டப்போகிறார், கல்வீடு எழும்பப்போகிறது. வளவில் ஏற்கனவே இருக்கிற ஆள் மூட்டை கட்டவேண்டியதுதான். அந்தக் கயிறு ஒரு விளையாட்டுக்கு என்று மச்சாளிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா சொல்லமாட்டார். நான் சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் பொலிஸ் ஜீப் வந்தது. எங்கள் பக்கத்தில் மணல் பொன் மாதிரி. ஆற்றில் களவாக அள்ளுகிறவர்களைப் பிடிக்க எந்த நேரமும் பொலிஸ் திரியும். அனுமதியில்லாமல் குவித்து வைப்பதும் குற்றம். சார்ஜன்ட் தடித்த மனுசன், தமிழ் அரைகுறையாக வரும். குவியலைச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா, இது விக்கிற மணல்தானே?"

"இல்லை சேர். விளையாடுற மணல்."

கூட வந்த பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விளையாடிக் காட்டுங்க" என்றார் சார்ஜன்ட். அக்கா தடியை எடுத்தார். அன்று குழி மாடு படுத்தெழும்பிய கோலத்தில் கிடந்தது. பந்தைத் தோளுயரத்தில் பிடித்து விட்டார். அது சொல்லி வைத்ததுபோல் ஒரு குளம்புப் பள்ளத்துக்குள் போய் இருந்தது. அலகைக் கவிழ்த்து ஒரே போடு. பந்து தவண்டு வெளியே வந்து, மெழுகிய நிலத்தில் ஓடி, பேணிக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"நல்ல விளையாட்டு. ஆனா சட்டம் சட்டம்தானே அம்மா. மணல எடுக்கணும். வழக்குப் போடல்ல."

"எடுங்கோ சேர்."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆர் சேர் இதை உங்களுக்குச் சொன்னது?" என்று குறுக்கே புகுந்தேன்.

சார்ஜன்ட் கையை நீட்டிக் கொட்டில் பக்கம் திரும்பினார். "வேற ஆள் இல்ல ரீச்சர், இந்தக் காணிக்குள்ள..."

"சேர்!" என்றார் அக்கா. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "வெயிலுக்க வந்திருக்கிறியள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. மச்சாள், சேர் ஆக்களுக்குத் தேத்தண்ணி போடுங்கோ."

மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தார். தட்டில் பாதி கொட்டியிருந்தது, கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்தன. பொலிசுக்குச் சொன்னது ஆரென்று பார்த்த எனக்கு விளங்கிவிட்டது. பொலிஸ்காரருக்கு முதலே தெரியும். அக்கா மட்டும், "சீனி காணுமோ சேர்?" என்று விசாரித்துக்கொண்டு நின்றார்.

குவியலை உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். குழிக்குள் இருந்ததையும் வழித்தெடுத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது செம்மண் தரையும் சரளைக்கல்லும்தான். அடுத்த நாள் பின்னேரம் போனேன். அக்கா அந்த வெறுங்குழிக்குள் இறங்கி நின்று அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு கல்லில் பட்டு நங்கென்றது. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"விசரே அக்கா உங்களுக்கு? ஆரெண்டு தெரிஞ்சும் ஒரு சொல் கேக்கமாட்டியளோ?"

"கேட்டு?"

"கேட்டா அவா அழுவா, ஏதோ சொல்லுவா, முடியும். நேற்றிலிருந்து அந்த மனுசி சோறு தண்ணி இல்லாமல் கொட்டிலுக்க இருக்குது. நீங்கள் கேக்காமல் விடுறது பெருந்தன்மை எண்டு நினைக்கிறியள். அவாவுக்கு அது தண்டனை அக்கா."

என் கோபத்தை நானே பயந்துதான் பார்த்தேன். இவ்வளவு சொல்ல நினைக்கவில்லை. அக்கா தடியை ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்து நின்றார்.

"அங்க முதல் இரண்டு மூண்டு வருசம் நானும் பாத்தனான் பிள்ளை. ஆர் மிதிச்சது, ஆர் வாராமல் விட்டிட்டுப் போனது எண்டு ஒவ்வொரு காலடியாப் பாத்து, வேலையை விட்டிட்டு ஆக்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு தம்பின்ரை செய்தி வந்தது. அண்டைக்கும் வேலைக்குப் போனன். அதுக்குப் பிறகு ஒண்டையும் ஆரெண்டு பாக்கேல்லை. பாக்கத் தொடங்கினா எங்க போய் முடியும் எண்டு தெரியேல்லை" என்றார்.

 அவர் திரும்பவும் பந்தை விட்டார்.

அப்போதுதான் கொட்டில் பக்கமிருந்து மச்சாள் வந்தார். சீலை மாற்றியிருந்தார். கையில் ஒரு உரப்பை, அதற்குள் உடுப்பு. குழியின் விளிம்பில் வந்து நின்றார்.

"மச்சாள், நான்தான் பொலிசுக்குச் சொன்னனான்."

அக்கா நிமிரவில்லை.

"மணல் வந்தது, கயிறும் கட்டினீங்கள். வீடு கட்டப்போறியள், என்னை எழுப்பப்போறியள் எண்டு நினைச்சன். மணல் போனாக் கொஞ்ச நாள் இருக்கலாமெண்டு சொல்லிப்போட்டன். ரீச்சர் இப்ப கத்தினது கொட்டிலுக்குக் கேட்டது, இனி ஏன் மறைப்பான். நான் என்ரை தங்கச்சி வீட்டை போறன், பூநகரிக்கு. மாட்டை ஆருக்கும் குடுங்கோ. என்னை மன்னியுங்கோ."

"தெரியும்" என்றார் அக்கா.

"தெரிஞ்சால் ஏன் கேக்கேல்லை? இரண்டு அடி அடிச்சாவது கேட்டிருக்கலாமே!"

அக்கா குழிக்குள் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிழடு தட்டிப்போயிருந்தது.

"கேட்டா நீ இப்பிடிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிப்பாய் எண்டு பயந்துதான் கேக்கேல்லை. காணிக்கெண்டே நான் வந்தனான்? காணியைப் பாத்துக்கொண்டிருக்க அங்க படம் போதும். இந்த வளவுக்க நீ இருக்கிறாய் எண்டுதான் வந்தனான். நீ போனா எனக்கு ஆர் இருக்கினம்?"

மச்சாள் அழவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை. கொட்டிலில் கன்று கத்தியது, இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை. நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் மச்சாள், "பொழுது பட்டிட்டுது. இனி எங்க பஸ்? அரிசி போடப்போறன்" என்றார்.

"எனக்கும் சேர்த்துப் போடு" என்றார் அக்கா.

இத்தனை மாதமும் அந்த வளவில் இரண்டு அடுப்பு எரிந்தது. அன்று அக்கா மேலே ஏறி வருவதற்கு மச்சாள்தான் கை கொடுத்தார். தவறி நோவான மணிக்கட்டைப் பிடித்துவிட்டார், அக்கா முகத்தைச் சுளித்தார், கையை விடவில்லை. மச்சாளின் குசினி வாசற்படியில் போய் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். மச்சாள் சுளகோடு அடுப்படியில் இருந்து அரிசியில் கல் பொறுக்கினார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

அக்கா, சப்பாத்துக்குள் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி கடைசியா என்ன சாப்பிட்டவன்?"

மச்சாளின் கை நின்றது. பிறகு சுளகை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.